கற்றாழை வளைவுக்கு மேலே வெயில்

மொஹாபி இருபத்தாறு வருஷம் பக்கத்து நாட்டில் பூமிக்கு அடியில் தங்கம் வெட்டியவர். விடியும் முன்னே சுரங்க லிஃப்ட் கூண்டில் நின்று கீழே போனால், குளிர்கால மாதங்களில் மேலே வரும்போது இருட்டிப் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் சூரியனைப் பார்க்கக் கிடைக்கும்; அன்றைக்குப் பார்த்து உடம்பு தூக்கம் கேட்கும். தங்கத்தை எல்லாம் அங்கேயே கொடுத்துவிட்டு, பாறைத் தூசியை மட்டும் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு சொந்த நாடான லெசோத்தோவின் மலைக்குத் திரும்பினார். நாலு எட்டு வேகமாக வைத்தால் இப்போது மூச்சு வாங்கும். மாடு மேய்க்கவோ மண் கொத்தவோ வழியில்லை. அவருக்கு மிஞ்சியது ஒரே வேலைதான்: காலையில் சூரியன் வருவதையும் சாயங்காலம் அது போவதையும் வீட்டில் இருந்தபடியே போனில் படம் பிடிப்பது.

இரண்டு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காலையில் சிரமமே இல்லை. அந்த ஊரில் எல்லா வீட்டு வாசலும் கிழக்கே பார்த்ததுதான். ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்தால் சூரியன் தானாக எதிரே வந்து நிற்கும். சாயங்காலம் மட்டும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போக வேண்டும். மேற்கு மலை ரொம்பக் கிட்டத்தில் இருந்தது. அதன் முதுகில் சூரியன் இறங்கும்போது ஒரு படம். அது மறைந்ததும் அப்படியே திரும்பி, கிழக்குச் சரிவில் வெயில் மேலே மேலே ஏறிப் போவதை இன்னொரு படம். இரண்டையும் ஊர் வாட்ஸப் குழுவில் போட்டு, எப்போதும் ஒரே வரி எழுதுவார்: "சூரியன் போயாச்சு. நல்லாத் தூங்குங்க."

"நேத்து வந்த அதே சூரியன்தானே? தினமும் என்ன கல்யாணப் பொண்ணா அது, இத்தனை போட்டோ?" என்று அவர் மனைவி மலினேயோ கேட்பாள். கேட்பாளே தவிர, முதல் ஆளாகப் போனை வாங்கிப் பார்ப்பதும் அவள்தான். எந்த மாசம் சூரியன் மலை முகட்டின் எந்தப் பல்லில் இறங்கும் என்று அவளுக்கு இப்போது அத்துப்படி. அப்படிப்பட்டவள் மகள் லினேயோவின் பிரசவத்துக்காகத் தலைநகர் மசேருவுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. போனில் திட்டுவாள், மாத்திரை போட்டீங்களா என்பாள். ஆனாலும் ஆள் இல்லாத வீடு ஆள் இல்லாத வீடுதான். ஒன்பது நாளாக மொஹாபி பேசிய பேச்சில் பாதி கோழிகளோடு பேசியது.

அப்போதுதான் செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் மசெல்லோ வந்தாள். சரிவில் மேலே இருந்தது அவள் வீடு. அவள் புருஷன் பொஷோலி மொஹாபியோடு சுரங்க விடுதியில் ஒரே அறையில் படுத்தவன், அதே தூசியில் மார்ச் மாதம் செத்துப் போனவன். தலையிலிருந்து கால்வரை கறுப்புத் துணியில் வந்து நின்றாள். கறுப்பு உடுத்தியவள் அடுத்தவர் வீட்டுக்குள் போகக் கூடாது, கையோடு கை தொட்டு எதையும் கொடுக்கக் கூடாது, சூரியன் மறையும் முன் வீட்டில் இருக்க வேண்டும். ஆறு மாசமாக ஒன்றைக்கூட அவள் மீறியதில்லை. வரும் சனிக்கிழமை சொந்தக்காரர்கள் கூடி, ஆடு அடித்து, அந்தக் கறுப்பைக் கழற்றி எரிக்கப் போகிறார்கள்.

"ஆஸ்பத்திரில உங்க மாத்திரையையும் குடுத்து விட்டாங்க அண்ணே," என்று பொட்டலத்தை வேலிப் பக்கத்துக் கல்மேல் வைத்துவிட்டு விலகி நின்றாள்.

"நல்லாயிருப்பே தாயி. உட்காரு, மூச்சு வாங்குது பாரு."

"எனக்கா வாங்குது? உங்களுக்குத்தான்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவள் வேலிக்கு வெளியிலேயே ஒரு பாறைமேல் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஆட்டு ரோமம் வெட்டும் கொட்டகை திறக்கிறது என்றாள். விரலால் தடவியே ரோமத்தைத் தரம் பிரிப்பதில் அந்த வட்டாரத்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த இரண்டு மாச வேலைதான் அவளுக்கும் விடுதியில் படிக்கும் மகன் செல்லோவுக்கும் வருஷம் முழுக்கச் சோறு. கறுப்போடு ஆடுகளுக்கு நடுவே போக முடியாது என்பதால் அவள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மொஹாபிக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். ஒவ்வொரு படமாகக் காட்ட ஆரம்பித்தார். போனைக் கல்மேல் வைப்பார், அவள் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் கல்மேல் வைப்பாள். கிளம்புகிறேன் என்று அவள் எழுந்தபோதும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார். சொல்லிவிட்டுத்தான் தயங்கினார்.

"இது யாருக்கும் காட்டலை. பொஷோலியை அடக்கம் பண்ணின அன்னிக்கு எடுத்தது. அன்னிக்கும் கை போனுக்குத்தான் போச்சு. அவன் செத்துக் கிடக்கான், நீ போட்டோ புடிக்கிறியாடான்னு எனக்கே வெக்கமாப் போச்சு. குழுவுல போடலை."

மசெல்லோ போனை எடுத்தாள். அவள் வீட்டு மலையின் முதுகுக்குப் பின்னாலிருந்து முழுசாகச் சூரியன் கிளம்பியிருந்தது. ஒரு மேகம் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அன்னிக்கு வெயில் அடிச்சுதா அண்ணே?"

"அடிச்சுது தாயி. நல்ல வெயில்."

"என்னை உள்ள மெத்தையில போர்வைக்குள்ள உட்கார வெச்சிருந்தாங்க. வெளிய மழைன்னே இத்தனை நாளா நெனச்சுட்டிருக்கேன்."

மொஹாபி மாத்திரைப் பொட்டலத்தைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"கிழக்கே பாத்துத்தானே படுக்க வெச்சீங்க அவரை?" என்றாள். "அப்ப மூஞ்சிக்கு நேராத்தான் அடிச்சிருக்கும்."

அழவில்லை. படத்தை விட்டுக் கண்ணையும் எடுக்கவில்லை. அவளாகத் தலை தூக்கியபோது மேற்கு மலையில் சூரியன் இடித்துக்கொண்டு நின்றது. "ஐயோ, நேரமாச்சு," என்று போனைக் கல்லில் வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி சரிவில் ஏறினாள். மொஹாபி வழக்கம்போல வீட்டைச் சுற்றிப் போனார். சூரியனை எடுத்தார், திரும்பினார், சரிவை எடுத்தார். வயசான கண். வழக்கமான வரியை எழுதிக் குழுவில் போட்டுவிட்டுக் களி கிண்டப் போய்விட்டார்.

படத்தில் பாதி உயரத்தில் கற்றாழைப் புதர் நிற்கும் ஒரு பாதை வளைவு இருக்கிறது. அந்த வளைவில், நிழலுக்குள், கறுப்பாக ஒரு புள்ளி. யாரோ ஒரு வேலையில்லாத புண்ணியவான் அதைப் பெரிதாக்கி, சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, "இது யாரு? நேரம் என்ன?" என்று கேட்டு வைத்தான். நேரம் படத்திலேயே இருந்தது, ஐந்து பத்து. அது போதாதென்று கீழேயே மொஹாபி தன் கையால் எழுதியிருந்தார், சூரியன் போயாச்சு என்று. களியும் கீரையும் சாப்பிட்டு முடித்துவிட்டுப் போனைப் பார்த்தபோது ஊர் அதற்குக் காது மூக்கு வைத்து முடித்திருந்தது.  

உடனே அவளைக் கூப்பிட்டார். "நான்தான் உன்னை உட்கார வெச்சேன்னு சொல்லிடறேன் தாயி."

"வேண்டாம் அண்ணே," என்றாள் மசெல்லோ. குரல் தட்டையாக இருந்தது. "கறுப்பு உடுத்தினவ ஆம்பளை தனியா இருக்கிற வீட்டு வேலியில சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாளான்னு அதையும் பேசுவாங்க. நான் வெயில் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துட்டேன். பின்சுவர்ல வெயில் இருந்துச்சு. யார் நம்புவாங்க?"

புதன்கிழமை காலையில் மொன்யாகே வந்தார். செத்துப்போன பொஷோலியின் அண்ணன். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். மொஹாபியோடு ஒன்றாக மாடு மேய்த்து வளர்ந்தவர். நல்ல தாட்டியான உடம்பு, கையில் தடி, வாயில் எப்போதும் ஒரு குறை.

"சனிக்கிழமை ஆடு அடிக்கிறது இல்லை," என்றார் உட்காராமலே. "கறுப்பு இன்னும் ஆறு மாசம் போகணும். முதல்லேருந்து."

"மொன்யாகே, ஆறு மாசம்னா கொட்டகை வேலை போச்சு. வேற ஆளைப் போட்டுருவாங்க. அவ என்ன பண்ணுவா?"

"அதை அவ வளைவுல நிக்கும்போது யோசிச்சிருக்கணும். நான் ஒண்ணும் கதை கட்டலை. படம் உன்னோடது, எழுத்து உன்னோடது. சூரியன் போயாச்சுன்னு நீதானே எழுதினே?"

"என் வீட்டுல போயாச்சுன்னு அர்த்தம்யா. மேல அவ வீட்டுல அதுக்கப்புறமும் வெயில் இருக்கும். நான் தினம் பாக்கிறேன், அது கொஞ்சங் கொஞ்சமாத்தான் மேல ஏறும்."

"வீட்டுக்கு ஒரு சூரியனா? நல்லா இருக்கே."

"அவ போய்ச் சேரும்போது சுவர்ல வெயில் இருந்துச்சு."

"நீ பாத்தியா? பாக்கலை. அந்த வளைவுக்கு மேல எப்படிச் செங்குத்தா இருக்குன்னு எனக்குத் தெரியும். எந்தப் பொம்பளையும் வெயில் போறதுக்குள்ள ஏறிட முடியாது."

மொஹாபி கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வாயும் இந்தப் போனும் சும்மா இருந்திருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை என்று அவருக்குத் தெரியும். பிறகு சொன்னார், "நான் ஏறிட்டா?"

"என்னது?"

"நாளைக்குச் சாயங்காலம் அதே வளைவுல நிக்கிறேன். படத்துல நிழல் எந்த இடத்துல இருக்கோ அந்த இடத்துக்கு வந்ததும் கிளம்பறேன். எனக்கு முன்னாடி வெயில் அவ வீட்டை விட்டுப் போயிட்டா நீ சொன்னபடி செய். அரை நெஞ்சை வெச்சுக்கிட்டு நான் போய்ச் சேந்துட்டா, அவ போய்ச் சேந்திருப்பாளா மாட்டாளா?"

மொன்யாகே அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கழிப்பறைக்குப் போயிட்டு வரவே உனக்கு ரெண்டு தடவை உட்காரணும். மேல போய்ச் செத்து வெச்சேன்னா உன் பொண்டாட்டி என்னைத்தான் உயிரோட கொளுத்துவா."

"அவ ஊர்ல இல்லை," என்றார் மொஹாபி.

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கே புறப்பட்டுவிட்டார். வளைவு வரை போகவே அவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கற்றாழைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு சமாதானமாகும் வரை காத்திருந்தார். கூட வந்திருந்த மொன்யாகே படத்தைத் தூரத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அதில் நிழலின் விளிம்பு வளைவைத் தாண்டி, மேலே பிளந்து நிற்கும் ஒரு பாறையைத் தொட்டிருந்தது. கீழே ஊரில் சூரியன் போய்விட்டது. நிழல் அவர்கள் காலைக் கடந்தது, புல்லைக் கடந்தது, பாறையின் அடியைத் தொட்டது.

"கிளம்பு," என்றார் மொன்யாகே. "நான் பின்னாடியே வர்றேன். கையைப் பிடிக்க மாட்டேன். பிடிச்சா கணக்குல வராது."

மொஹாபி பன்னிரண்டு எட்டு வைப்பார், நிற்பார். மறுபடி பன்னிரண்டு. சுரங்கத்தில் ஏணி ஏறும்போது பழகியது அது. கண் மட்டும் முன்னால் ஊர்ந்து போகும் அந்த வெயில் விளிம்பிலேயே இருந்தது. அவர் நடக்கும்போது அது பக்கத்தில் வந்தது. அவர் நின்றால் விலகிப் போனது. மூன்றாவது தடவைக்கு மேல் பன்னிரண்டு பத்தானது, பத்து எட்டானது. நெஞ்சுக்குள் யாரோ ஈரக் கம்பளியைப் பிழிவது போலிருந்தது. ஒரு கல்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்துவிட்டார்.

"போதும்யா," என்றார் மொன்யாகே பின்னாலிருந்து. "தோத்தா தோத்துட்டுப் போ. உசிரு போனா வராது."

மொஹாபி தலையை ஆட்டினார், மாட்டேன் என்று.

"அவளுக்காக எதுக்கு இப்படிச் சாகிறே?"

"என்னாலதான்... இது." ஒரு மூச்சு. "நீ எதுக்கு அவளை இப்படிப் பண்றே?"

மொன்யாகே தடியால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். பிறகு, திட்டுவது போலவே ஆரம்பித்தார். "ஆறு மாசம். அவ்வளவுதானா? எனக்கு முன்னாடியா அவன் போகணும்? அவனைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவன் நான். சனிக்கிழமை கறுப்பை எரிச்சிட்டா அப்புறம் அவன் பேரு யார் வாயில வரும்? எல்லாரும் சாப்பிட்டுட்டு, கையைக் கழுவிட்டுப் போயிடுவாங்க." கம்பளி முனையால் மூக்கைத் துடைத்தார். "படத்தைப் பாத்தப்ப எனக்குச் சந்தோஷம்தான்யா வந்துச்சு. இன்னும் ஆறு மாசம் இருக்குன்னு."

மொஹாபிக்குப் பேச மூச்சில்லை.  கையை நீட்டி மொன்யாகேயின் முழங்கையை ஒரு தடவை அழுத்தினார். விட்டார். நிமிர்ந்தார்.

எட்டு எட்டு. நின்றார். ஆறு எட்டு. மேலே மசெல்லோவின் வீட்டுக் கூரைப் புல் தெரிந்தது. பின்சுவர் தெரிந்தது, சுவரில் அவள் விரலால் கீறிப் போட்ட கோலங்கள் வெயிலில் செக்கச்செவேலென்று இருந்தன. நிழல் சுவருக்கு இருபதடி கீழே ஊர்ந்துகொண்டிருந்தது. மொஹாபி நிழலின் விளிம்புக்கு வந்தார். ஒரு எட்டு வைத்தார். இன்னொரு எட்டு.

முதுகில் சூடு பட்டது.

திரும்பிப் பார்த்தார். கீழே அவர் வீட்டில் எப்போதோ போய்விட்ட சூரியன், மேற்கு மலைக்கு மேலே மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. மலை முதுகிலிருந்து அது கிளம்பி வருவதைத் தினமும் காலையில் பார்ப்பவர்தான். மேற்கே கிளம்பிப் பார்த்ததில்லை. வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்.

"நிக்காதே, போய்ச் சுவரைத் தொடு," என்றார் மொன்யாகே. அவர் குரலில் அவசரம் இருந்தது. யாருக்காக என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மொஹாபி போய் இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்தார். சுவர் சுட்டது. மசெல்லோ வறட்டி அடுக்குக்குப் பக்கத்தில் கறுப்புத் துணியோடு நின்றிருந்தாள். அவள் ஓடி வந்து தாங்கவில்லை, தாங்கக் கூடாது. ஒரு தகர டம்ளரில் தண்ணீரைக் கல்மேல் வைத்துவிட்டு விலகினாள். அவர் எடுத்துக் குடித்தார், பாதி கம்பளியில் சிந்தியது.

மொன்யாகேயும் வெயிலுக்குள் வந்து சேர்ந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. சுவரைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், தன் நிழல் சுவரில் நீளமாக விழுந்திருப்பதைப் பார்த்தார். தம்பி பொஷோலி கட்டிய சுவர் அது.

"அத்தான், தண்ணி வைக்கட்டுமா?" என்று கேட்டாள் மசெல்லோ.

"வை," என்றார். குடித்து முடித்து டம்ளரைத் திரும்பக் கல்மேல் வைத்துவிட்டுச் சொன்னார், "சனிக்கிழமை ஆட்டை நானே ஓட்டிட்டு வர்றேன். கொஞ்சம் கூடுதலாவே சமைக்கணும். அவனைப் பத்தி நிறையப் பேசப் போறேன், யாரும் சீக்கிரம் எழுந்து போகக் கூடாது."

"யாரும் போக மாட்டாங்க அத்தான்," என்றாள் அவள். அதற்குமேல் முடியாமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மொஹாபி கல்லில் உட்கார்ந்து போனை எடுத்தார். படம் கொஞ்சம் சாய்ந்துதான் வந்தது. குழுவில் போட்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வரியை மாற்றி எழுதினார்: "கீழே சூரியன் போயாச்சு. மேலே மசெல்லோ வீட்டில் இன்னும் இருக்கு." அப்புறம், பொஷோலியை அடக்கம் பண்ணிய காலையின் படத்தை அவளுக்கு மட்டும் அனுப்பினார். வறட்டி அடுக்குக்குப் பக்கத்திலிருந்து அவள் போன் ஒரு தடவை ஒலித்தது.

உடனே அவர் போனும் அடித்தது. மசேருவிலிருந்து மலினேயோ.

"லினேயோ அப்பா, எங்க இருக்கீங்க? இது நம்ம வீட்டுல எடுத்த படம் இல்லையே. இந்த மாசம் சூரியன் அந்தப் பல்லுலதான் இறங்கும், ஆனா நம்ம வீட்டுலேருந்து பாத்தா பல்லுக்குப் பின்னால இருக்கிற அந்தப் பள்ளம் தெரியாதே."

"மேல... மசெல்லோ வீட்டுப் பின்னாடி."

"மேலயா? யார் குதிரையில போனீங்க?"

"நடந்து."

அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. வசவு வரப்போகிறது என்று மொஹாபி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். வரவில்லை.

"அங்க என்ன பண்றீங்க?"

"சூரியன் மறையுது," என்றார். "பாத்துக்கிட்டிருக்கேன். இன்னிக்கு ரெண்டாவது தடவை."

 டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், சாமான் மூட்டையைக்கூட இறக்காமல் வாசலில் வானத்தைப் பார்த்து நின்ற ஆளை மலினேயோ இருபத்தாறு வருஷம் பார்த்தவள்.

"சரி, பாருங்க," என்றாள். "போனை வைக்காதீங்க. நானும் இருக்கேன்."

அவர் போனைச் சூரியன் இருக்கும் பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.